ஷாட்னர் ஷாட்னராகவே நடித்த படம்: ஃப்ரீ எண்டர்ப்ரைஸ்

ஏழாவதுவரிசை:

கேலக்ஸி குவெஸ்ட் (பழைய விண்வெளித் தொடர் நடிகர்கள் நிஜ வேற்றுக்கிரகவாசிகளிடம் மாட்டிக்கொள்கிற நகைச்சுவைப் படம்) இழையில் போகிற போக்கில் இந்தப் படத்தின் பேர் அடிபட்டது. அங்கேயே ஆரம்பித்தால் மட்டுறுத்துநர் பிரம்போடு வருவார், அதனால் தனி இழை.

பார்க்காதவர்களுக்காகக் கதை. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு நண்பர்கள். மார்க் (எரிக் மக்கார்மக்) பத்திரிகை ஆசிரியர், பத்திரிகையின் பேரே 'கீக் மந்த்லி'. ராபர்ட் (ரேஃபர் வைகல்) படத்தொகுப்பாளர், வருகிற சம்பளத்தையெல்லாம் லேசர்டிஸ்க்கிலும் பொம்மையிலும் கொட்டுகிற ஆசாமி. இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்து ஒரே சாமி, ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் கேப்டன் கிர்க். ஒரு நாள் புத்தகக் கடைக்குப் போனால் அந்தச் சாமியே அலமாரி ஓரமாக நின்றுகொண்டிருக்கிறது, கையில் வயதுவந்தோருக்கான பத்திரிகையோடு.

கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் இதில் வில்லியம் ஷாட்னராகவே வருகிறார். கிர்க்கின் மிடுக்கு ஒரு சொட்டு கிடையாது. தனி ஆள், பெண்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் முழிக்கிறார், குடிக்கிறார். மனசில் ஒரே ஒரு திட்டம் மட்டும் இருக்கிறது: ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசரை இசை நாடகமாக்கி வேஷங்களைத் தானே கட்டுவது. இதை அவர் விளக்கும்போது முகத்தில் சிரிப்பே இல்லை. பசங்களும் சிரிக்க முடியாமல், தலையாட்டவும் முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

ரசிகன் தலைவரைச் சந்திக்கிற கதைகள் பொதுவாக இரண்டு வழியில் போகும். தலைவர் தங்கமான மனுஷன் என்று தெரிந்து ரசிகன் கண்ணைத் துடைப்பான். இல்லையென்றால் தலைவர் ஒரு மாதிரி என்று தெரிந்து ரசிகன் புத்தி தெளிவான். இதில் அந்த இரண்டு பாதையும் இல்லை. தலைவர் இவர்களை விடப் பெரிய குழப்பத்தில் இருக்கிறார், இவர்கள்தான் அவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி வரை ஒருத்தனும் திருந்துவதில்லை. எனக்குப் படம் பிடித்ததே அதனால்தான். உங்கள் கருத்து?

பேய்க்கரும்பு:

பாதிக்கு மேல் தாங்கல பாஸ். யாரும் மனுஷன் மாதிரி பேசுறதே இல்ல. சாப்பாட்டு மேஜையில ஒரு மேற்கோள், கட்டில்ல ஒரு மேற்கோள், சண்டை போட்டாலும் மேற்கோள். லாஸ் ஏஞ்சலஸ் நண்பர்கள் கதையான ஸ்விங்கர்ஸ் (1996) படத்தைப் பாத்துட்டு, எழுதின ரெண்டு பேரும் அதே ஆளுங்களுக்கு ஸ்டார் ட்ரெக் சட்டை மாட்டி விட்டிருக்காங்க.

ஆரம்பக் காட்சியையே எடுத்துக்குங்க. மார்க் ஒரு தயாரிப்பாளர் கிட்ட கதை சொல்றான், தலைப்பு 'பிரேடிகில்லர்'. பிரேடி பன்ச்னு பழைய அமெரிக்கக் குடும்பத் தொடர், அதுல வர்ற பொண்ணுங்க பேர் இருக்கிறவங்களாத் தேடித் தேடிக் கொல்ற கொலைகாரன் கதை. அந்தத் தொடர் தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிப்பீங்க. எனக்குத் தெரியாது, நான் கடிகாரத்தைப் பாத்தேன். முதல் அஞ்சு நிமிஷத்துலயே 'உனக்கு இங்க என்ன வேலை'ன்னு கேக்கிற படம்.

கேலக்ஸி குவெஸ்டுக்கு முன்பாடமே வேண்டாம். என் அம்மா பாத்துச் சிரிச்சாங்க.

ஏழாவதுவரிசை:

கரும்பு, அந்த மேற்கோள் பேச்சு செயற்கை இல்லை, நம்மைத்தான் காட்டுகிறது. இந்தத் தளத்திலேயே வடிவேலு வசனம் இல்லாமல் பத்துப் பின்னூட்டம் தாண்டின இழை ஒன்று காட்டுங்கள் பார்ப்போம். நண்பனுக்கு வேலை போனால்கூட நாம் முதலில் வசனம்தான் சொல்வோம், அப்புறம்தான் 'என்னடா ஆச்சு' என்று கேட்போம்.

எழுதினவர்கள் இரண்டு பேர்: மார்க் ஆல்ட்மன், ராபர்ட் மேயர் பர்னெட். பர்னெட்தான் இயக்குநரும். ஆல்ட்மன் நிஜத்தில் ஸ்டார் ட்ரெக் பற்றி எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர், பர்னெட் படத்தொகுப்பாளர். பாத்திரங்களின் பேரைப் பாருங்கள், மாற்றக்கூட மெனக்கெடவில்லை. தாங்கள் பேசுகிறதை அப்படியே இறக்கி வைத்திருக்கிறார்கள்.

கோவைக்குசும்பன்:

சம்பளத்தை லேசர்டிஸ்க்குல கொட்டறான்னு எழுதியிருக்கீங்களே, அது என்னங்ணா? எங்கூட்ல அப்பா வெச்சிருக்கற பழைய எல்பி மாதிரி பெருசா பளபளன்னு ஒண்ணு படத்துல வருதே, அதுதானுங்களா?

பழையகேசட்:

அதேதான் தம்பி. எல்பி அளவு, 12 அங்குலம், ஆனா உள்ள படம் இருக்கும். டிவிடி வர்றதுக்கு முன்னாடி, திரையில பாத்த அகலத்துக்குக் கறுப்புப் பட்டையோட படம் முழுசா வேணும்னு நினைச்சவங்களுக்கு அதுதான் கதி. வீடியோ கேசட்ல ரெண்டு ஓரத்தையும் வெட்டிடுவாங்க. முக்காவாசிப் படத்துக்கு நடுவுல எந்திரிச்சுப் போய் வட்டைத் திருப்பிப் போடணும். விலையும் ஜாஸ்தி. ராபர்ட் கடன்காரன் ஆனதுல ஆச்சரியமில்ல.

படம் வந்த சமயத்துல டிவிடி கடைக்கு வந்தாச்சு. பையன் சொத்தெல்லாம் கொட்டிச் சேர்த்தது அத்தனையும் இன்னும் ரெண்டு வருஷத்துல பழைய சாமான். எடுத்தவங்களுக்கே அப்ப அது முழுசாத் தெரிஞ்சிருக்காது. இப்பப் பாக்கும்போது அந்த அலமாரியைப் பாத்தாத்தான் எனக்குப் பாவமா இருக்கு.

தாரகை:

படம் எனக்கும் பிடிக்கும், ஆனால் யாரும் தொடாத ஒரு இடம் இருக்கிறது. கிளேர்.

காமிக்ஸ் கடையில் அறிமுகம். அழகு, புத்திசாலி, இவனுக்குப் பிடித்ததெல்லாம் அவளுக்கும் பிடிக்கும், இவன் பாதி சொன்னால் மீதியை அவள் முடிப்பாள். ஆடி இங்கிலாந்து நன்றாகவே நடித்திருக்கிறார், குறை அவரிடம் இல்லை. அந்தப் பெண்ணுக்கென்று ஒரு நண்பர் வட்டம் உண்டா, அவள் யாரைச் சந்திக்க ஆசைப்படுகிறாள், எதற்குப் பணத்தைக் கொட்டுகிறாள்? ஒன்றும் சொல்லப்படவில்லை. ராபர்ட்டுக்குக் கிடைக்கிற பரிசாகத்தான் வந்து நிற்கிறாள்.

ஸ்டார் ட்ரெக் ரசிகர் வரலாறு தெரிந்தவர்களே இப்படி எழுதினார்கள் என்பதுதான் எரிச்சல். தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது என்பிசி தொலைக்காட்சி அலுவலகத்துக்குக் கடிதம் குவித்த இயக்கத்தை முன்னால் நின்று நடத்தியவர் பீஜோ ட்ரிம்பிள், கணவரோடு சேர்ந்து. 1967இல் வந்த முதல் ரசிகர் இதழான ஸ்பாக்கனேலியாவைத் தொகுத்தது இரண்டு பெண்கள். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் பெரிய ஸ்டார் ட்ரெக் மாநாட்டைக் கூட்டிய குழுவிலும் ஜோன் வின்ஸ்டன், டெவ்ரா லாங்சம் என்று பெண்கள் முன்வரிசையில் இருந்தார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் ஆயிரக்கணக்கில் கூட்டம். கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்கள் அவர்கள். படத்தில் பார்த்தால் ஏதோ ஆம்பளைப் பசங்க விடுதி மாதிரி இருக்கிறது.

ஏழாவதுவரிசை:

தாரகை எழுதியது: "ராபர்ட்டுக்குக் கிடைக்கிற பரிசாகத்தான் வந்து நிற்கிறாள்"

பரிசு என்பது கொஞ்சம் அதிகம். ராபர்ட்டின் சிறுபிள்ளைத்தனத்தை நேருக்கு நேர் கேட்கிற ஒரே ஆள் அவள்தான். தவிர, இது இரண்டு பேர் தங்கள் வாழ்க்கையை எழுதிய படம். ரசிகர் இயக்கத்தின் வரலாற்றை எழுத அவர்கள் உட்காரவில்லை.

தாரகை:

தங்கள் வாழ்க்கையை எழுதுகிறவருக்குத் தன்னோடு வாழ்ந்த பெண்ணைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும் இல்லையா? ஷாட்னரின் தனிமைக்கு அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த கை இது. அதனால்தான் கேட்கிறேன். மோசமான படமாக இருந்தால் கேட்கவே மாட்டேன்.

மொன்றியல்வாசி:

வணக்கம். நான் இஞ்சை மொன்றியலில இருக்கிறன், ஷாட்னர் எங்கட ஊர்க்காரன். 1931 இல இஞ்சைதான் பிறந்தவர். மெக்கில்லில வணிகம் படிச்சு 1952 இல பட்டம் எடுத்தவர். அங்கத்தை மாணவர் சங்கக் கட்டடத்தைப் பெடியள் 'ஷாட்னர் பில்டிங்' எண்டுதான் சொல்லுறவை. பல்கலைக்கழகம் அந்தப் பேரை ஏற்கேல்லை, ஆனா பெடியள் வாக்குப் போட்டு வைச்ச பேர். அதுவே ஒரு பகிடிப் படத்துக்குக் காணும்.

நான் சொல்ல வந்தது அந்த ஜூலியஸ் சீசர் விசயம். அது வெறும் பகிடி எண்டு நினைச்சால் பாதிதான் விளங்கும். ஸ்டார் ட்ரெக்குக்கு முதல் இவர் ஒன்ராறியோவில ஸ்ட்ராட்ஃபோர்ட் ஷேக்ஸ்பியர் விழாவில நடிச்சவர். 1956 இல ஐந்தாம் ஹென்றி நாடகம், கதாநாயகன் கிறிஸ்டோபர் பிளம்மர், ஷாட்னர் அவருக்குப் பதிலாள். ஒரு நாள் பிளம்மருக்குச் சிறுநீரகக் கல்லு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டினம். ஒரு ஒத்திகையும் இல்லாமல் ஷாட்னர் மேடை ஏறினவர். பிளம்மர் நிண்டு சொன்ன இடத்தில இவர் இருந்து சொன்னாராம், எல்லாத்தையும் மாத்திச் செய்தாராம். இவன் பெரிய ஆளா வருவான் எண்டு அண்டைக்கே தெரிஞ்சிட்டுது எண்டு பிளம்மரே பிறகு சொல்லியிருக்கிறார்.

பிறகு 1991 இல ஆறாவது ஸ்டார் ட்ரெக் படத்தில அதே பிளம்மர் கிளிங்கன் எண்ட எதிரி இனத்துத் தளபதியா வந்து, ஷாட்னரைச் சுட்டுக்கொண்டே ஷேக்ஸ்பியர் வசனம் பேசுவார். அதையும் நினைச்சுக்கொண்டு ஃப்ரீ எண்டர்ப்ரைஸ் பாருங்கோ. சீசராவும் நான், அன்ரனியாவும் நான் எண்டு அந்தாள் சொல்லேக்கை, விட்டுப்போன ஒரு வாழ்க்கையைப் பற்றிக் கதைக்கிறார். மார்க்கா நடிச்ச மக்கார்மக்கும் கனேடியன், அவரும் ஸ்ட்ராட்ஃபோர்ட்டில சில வருசம் நடிச்சு வந்தவர். கதை கேட்டுக்கொண்டு முன்னால இருக்கிறவருக்கும் அந்த மேடை தெரியும்.

கோவைக்குசும்பன்:

அண்ணா, இது தெரியாம நான் அந்தக் காட்சியில அப்படிச் சிரிச்சனே!

பழையகேசட்:

சிரிக்கிறது தப்பில்ல தம்பி, ஷாட்னரே சிரிக்கச் சொல்லித்தான் நடிச்சிருக்கார்.

ஷேக்ஸ்பியரையும் பாட்டையும் கலக்குற கிறுக்கும் இந்தப் படத்துக்காக எழுதினது இல்ல. 1968ல, ஸ்டார் ட்ரெக் ஓடிக்கிட்டிருக்கும்போதே, 'தி ட்ரான்ஸ்ஃபார்ம்டு மேன்'னு ஒரு இசைத்தட்டு போட்டார். ஹாம்லெட்ல இருந்து ஒரு வசனம், உடனே பின்னாடி ஒரு ஜனரஞ்சகப் பாட்டு. பாட்டைப் பாட மாட்டார், வசனமாப் பேசுவார். ஊரே கேலி பண்ணிச்சு. 1978ல ஒரு அறிவியல் புனைகதைப் பட விருது விழாவுல, கையில சிகரெட்டோட 'ராக்கெட் மேன்' பாட்டை அதே மாதிரி பேசிக் காட்டினார். இன்னைக்கும் இணையத்துல அதைப் போட்டுச் சிரிக்கிறாங்க. ஆல்ட்மனும் பர்னெட்டும் இதெல்லாம் கரைச்சுக் குடிச்சவங்க. அந்தக் கேலியை எடுத்து அவர் கையிலயே கொடுத்து, 'இந்தாங்க, இந்தத் தடவை ஜெயிங்க'ன்னு சொல்லியிருக்காங்க.

கடைசியில மார்க்கோட 30வது பிறந்தநாள் விருந்துல வர்ற 'நோ டியர்ஸ் ஃபார் சீசர்' அதுதான். தி ரேட்டட் ஆர்னு ஒரு ராப் பாடகர் பக்கத்துல, ஷாட்னர் நடுவுல, சீசர் பிணத்துக்கு முன்னாடி அன்ரனி பேசுற பேச்சு ராப்பா வருது. கொஞ்சம் யோசிச்சா அந்தப் பேச்சு ராப்புக்குன்னே எழுதின மாதிரிதான் இருக்கு. கூட்டத்தைப் பாத்துப் பேசுறது, எதிராளியைப் புகழ்ற மாதிரியே கிழிக்கிறது, 'புரூட்டஸ் மானமுள்ளவன்'ங்கிற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அதிக விஷத்தோட சொல்றது. ஷாட்னருக்கோ வாக்கியத்தை நடுவுல நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்த சொல்லைத் தூக்கிப் போடுற பழக்கம். பல வருஷமா எல்லாரும் நக்கலடிச்ச அந்த நிறுத்தம் தாளத்துல சரியாப் போய் உக்காருது. அந்தப் பாட்டு ஓடுறப்ப சிரிச்சுக்கிட்டே காலால தாளம் போட்டேன்.

2004ல பென் ஃபோல்ட்ஸ் தயாரிப்புல 'ஹேஸ் பீன்'னு ஒரு ஆல்பம் போட்டார். பேரைப் பாருங்க, காலாவதியான ஆளுன்னு தானே பேர் வச்சுக்கிட்டார். அதை விமர்சகர்கள் கேலி பண்ணல, பாராட்டினாங்க. அந்த ஆல்பத்துக்கான ஒத்திகை இந்த விருந்துக் காட்சியிலயே நடந்துடுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

பேய்க்கரும்பு:

எல்லாம் சரி. ஆனா இது நேர்மையா, வியாபாரமா? அதே சமயத்துலதான் இணையத்துல டிக்கெட் விக்கிற ஒரு நிறுவனத்துக்குத் தன்னையே கிண்டல் பண்ணிப் பாட்டுப் பாடி விளம்பரம் நடிச்சார். அப்புறம் தி ப்ராக்டிஸ், பாஸ்டன் லீகல் தொடர்கள்ல டென்னி கிரேன்ங்கிற வக்கீல் வேஷம், அதுக்கு ரெண்டு எம்மி விருது. தன்னைத் தானே கலாய்ச்சா நல்ல காசுன்னு கண்டுபிடிச்சுட்டார், அவ்ளோதான். ரசிகனுக்கு நெஞ்சு உருகுது, அவருக்குக் கல்லா நிறையுது.

ஏழாவதுவரிசை:

முதல் வடிவத்தில் ஷாட்னர் ஒரு அசரீரி மாதிரி வந்து பசங்களுக்கு அறிவுரை சொல்லிவிட்டு மறைகிற பாத்திரம். ஷாட்னர் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாமியாக வர எனக்கு இஷ்டமில்லை, குறையுள்ள மனுஷனாக எழுதினால் வருகிறேன் என்பதுதான் அவர் பக்கம். வியாபாரம் மட்டும்தான் குறி என்றால் முதல் வடிவமே லாபம்: இரண்டு நாள் வேலை, கம்பீரமான வேஷம், காசு. அதை விட்டுவிட்டு, புத்தகக் கடையில் அசடு வழிய நிற்கிற வேஷத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

கல்லாவும் நிறைந்திருக்கும், யார் இல்லை என்றது. தியேட்டரில் மட்டும் நிறையவில்லை. 1999 மே மாசம் ஸ்டார் வார்ஸ் முதல் பாகம் வருகிறது, ஊரே வரிசையில் நிற்கிறது. அடுத்த மாசம் இவர்கள் இந்தச் சின்னப் படத்தைக் கொண்டு வந்தார்கள். வந்த சுவடு தெரியவில்லை, அப்புறம் டிவிடியில்தான் ஆள் சேர்ந்தது.

தாரகை:

கரும்பு சொன்ன நேர்மைக் கேள்விக்கு எனக்கு வேறு இடத்தில் பதில் கிடைத்தது. 1986 டிசம்பரில் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியில் ஷாட்னர் நடித்த அந்த ஸ்டார் ட்ரெக் மாநாட்டு நாடகம் எல்லாருக்கும் தெரியும். ரசிகர்கள் ஏதோ ஒரு அத்தியாயத்தில் வரும் பெட்டகத்தின் பூட்டு எண்ணைக் கேட்பார்கள், ஷாட்னர் பொறுமை இழந்து, போய் வாழ்க்கையைப் பாருங்கடா என்று கத்துவார். ஜான் லோவிட்ஸ் பக்கம் திரும்பி, உனக்கு முப்பது வயசு ஆகப்போகிறதே, ஒரு பெண்ணையாவது முத்தமிட்டிருக்கிறாயா என்று கேட்பார். லோவிட்ஸ் தலையைக் குனிந்துகொள்வார்.

இப்போது படத்தைப் பாருங்கள். மார்க்குக்கு முப்பது ஆகப்போகிறது. மார்க், ராபர்ட் இரண்டு பேருக்குமே பெண்களிடம் பேசத் தெரியும், முத்தத்துக்குப் பஞ்சமில்லை. பெண்ணிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் இவர்களிடம் வந்து கேட்கிறவர் ஷாட்னர். அந்த நாடகத்தில் அவர் கேட்ட கேள்வியைத் திருப்பி அவரிடமே கொடுத்திருக்கிறார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். அந்த நாடகம் ரசிகர்களில் பலரை எவ்வளவு காயப்படுத்தியது என்று தெரிந்தால் இந்த ஏற்பாட்டின் ருசி புரியும். 1999இல் அவர் ரசிகர் மாநாடுகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கும் அந்த வசையையே தலைப்பாக வைத்தார்.

(கிளேர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.)

பேய்க்கரும்பு:

இந்த முப்பது வயசுக் கோணம் எனக்குத் தோணல. ஒத்துக்கிறேன், நல்ல இடம். ஆனா அதுக்கும் நான் 1986 நிகழ்ச்சி ஒண்ணைப் பாத்திருக்கணும் இல்ல? என் பிரச்சினையே அதான்.

மொன்றியல்வாசி:

முப்பது எண்டது லோகன்ஸ் ரன் படத்திலயிருந்தும் வருது. 1976 படம். அந்த உலகத்தில 30 வயசு வந்தால் ஆளை முடிச்சுப்போடுவினம், உள்ளங்கையில பதிச்ச கல்லு நிறம் மாறி நாள் நெருங்குது எண்டு காட்டும். மூல நாவலில இன்னும் மோசம், 21 வயசிலயே கதை முடிஞ்சுது. மார்க் சின்னனில அந்தப் படத்தைப் பாத்து மனசுக்குள்ள வைச்சிருக்கிறான், தன்ர பிறந்தநாள் கிட்ட வர வரப் பயம். எங்களுக்கு இருபத்தொம்பதில கலியாணம் எப்ப எண்டு கேக்கிற சொந்தக்காரர்தான் உள்ளங்கைக் கல்லு.

பழையகேசட்:

அதோட 1982ல வந்த ரெண்டாவது ஸ்டார் ட்ரெக் படத்தையும் சேர்த்துக்குங்க. அது ஆரம்பிக்கிறதே கிர்க்கோட பிறந்தநாள்ல. மருத்துவர் மெக்காய் அவருக்குப் படிக்கிற கண்ணாடி பரிசு கொடுப்பார். மாவீரனுக்கு வெள்ளெழுத்து! கண்ணாடியைக் கையில வச்சுக்கிட்டு ஷாட்னர் ஒரு பார்வை பாப்பார், முழுப் படமும் அந்தப் பார்வையிலதான் நிக்குது. மார்க் வயசுப் பசங்க அதைப் பள்ளிக்கூட நாள்ல பாத்தவங்க. சாமிக்கே வயசாகும்னு அப்பவே பாத்துட்டு, தங்களுக்கு முப்பது வரும்போது நடுங்குறாங்க.

நம்ம ஊர்ல கேப்டன் கிர்க் வந்தது எண்பதுகள்ல, தூர்தர்ஷன்ல, ஞாயிறு காலையில. எங்க தெருவுல டிவி இருந்த ஒரே வீட்டுல நாங்க பத்துப் பேர் தரையில. ஆங்கிலம் பாதி புரியாது, கதவு தானாத் திறக்கிறது போதும். அதனாலதான் கரும்பு சொல்ற 'எனக்கு இங்க என்ன வேலை' உணர்வு எனக்கு இந்தப் படத்துல வரல போல.

கோவைக்குசும்பன்:

நம்ம ஊர்லயும் இதே சங்கதி இருக்குங்ணா. சினிமா பைத்தியம், 1975. ஜெய்சங்கர் ஜெய்சங்கராவே வருவாரு, ஜெயசித்ரா அவரு மேல பைத்தியமா இருக்கற பொண்ணு. எங்க அப்பா இன்னும் அந்தப் படத்தைச் சொல்லுவாரு.

தாரகை:

அது 1971இல் வந்த 'குட்டி' என்ற இந்திப் படத்தின் மறுஆக்கம், அதில் தர்மேந்திரா தானாகவே வருவார், ரசிகையாக ஜெயா பாதுரி. இரண்டிலும் நடிகருக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: திரையில் காண்பது பொய் என்று பக்குவமாகப் புரியவைத்து, பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவைப்பது. பெரியவர்கள் கூடிப் பேசி வைத்தியம் செய்கிறார்கள், நடிகர் அதில் மருந்து.

ஃப்ரீ எண்டர்ப்ரைஸில் நோய் என்றே யாரும் பார்ப்பதில்லை. பையன்களைச் சினிமாப் பைத்தியத்திலிருந்து மீட்க வேண்டும் என்று ஒரு அத்தை மாமா கிடையாது. ரசிகை என்றால் குணப்படுத்த வேண்டும், ரசிகன் என்றால் சேர்ந்து ராப் பாட வேண்டும். நல்ல நியாயம்.

மட்டுறுத்துநர்:

குட்டி, சினிமா பைத்தியம் ஒப்பீடு அருமை. அதைத் தொடர விரும்புகிறவர்கள் பழைய படங்கள் பகுதியில் தனி இழை திறக்கவும். இங்கே ஷாட்னர் போதும்.

பேய்க்கரும்பு:

சரி, ஷாட்னருக்கே வர்றேன். கேலக்ஸி குவெஸ்ட்ல தொடரோட கேப்டன் நடிகரா வர்ற டிம் ஆலன் கழிப்பறைக்குள்ள இருப்பார், வெளியில ரெண்டு பசங்க அவரைப் பத்தி, இந்தாளு ஒரு கோமாளி, கூட நடிச்சவங்களுக்கே இவரைப் பிடிக்காதுன்னு பேசிட்டுப் போவாங்க. வசனமில்லாம அவர் முகம் ஒண்ணு காட்டும். தலைவரோட தனிமையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். ஃப்ரீ எண்டர்ப்ரைஸ் அதையே கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் பேசிப் பேசிச் சொல்லுது.

ரசிகன் பக்கமும் அப்படித்தான். ஜஸ்டின் லாங் பாத்திரம் முதல்ல கப்பலோட வரைபடத்துல சந்தேகம் கேட்டுத் திட்டு வாங்குது. பின்னால நிஜக் கப்பல் மாட்டிக்கிறப்ப, அந்தப் பையனைத்தான் கூப்பிட்டு வழி கேக்கணும். எல்லாமே நிஜம்னு அவர் சொன்னதும் 'எனக்குத் தெரியும்'னு கத்துவான் பாருங்க! ரசிகனோட பயித்தியக்காரத்தனம் உலகத்தைக் காப்பாத்துது. இங்க அது ஒரு பிறந்தநாள் விருந்துக்குத்தான் ஆச்சு.

ஏழாவதுவரிசை:

கேலக்ஸி குவெஸ்ட் நல்ல படம், அடுத்த வருஷம் ஹியூகோ விருதே வாங்கியது, அதில் சண்டை இல்லை. ஆனால் அதில் ரசிகன் சரியாக இருக்க, கதை நிஜமாக வேண்டியிருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் வர வேண்டும், கப்பல் பறக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பையன் படித்துவைத்ததற்கு மதிப்பு. மார்க்குக்கும் ராபர்ட்டுக்கும் அந்த வசதி கிடையாது. கப்பல் அட்டைதான், கேப்டன் வயசான நடிகர்தான். தெரிந்தும் அவருக்காக விருந்து ஏற்பாடு செய்கிறார்கள். பிறந்தநாள் விருந்துக்குத்தான் ஆச்சு என்கிறீர்கள். எனக்கு அது போதும் என்றே படுகிறது.

தலைவரின் தனிமையும் கற்பனை இல்லை. 1969இல் தொடர் நின்றபோது ஷாட்னருக்கு விவாகரத்து, கையில் காசில்லை. வண்டியின் பின்னால் பொருத்திய ஒரு கூண்டில் தங்கிக்கொண்டு ஊர் ஊராக நாடகம் போட்டார். மனிதன் நிலவில் கால் வைத்ததை அந்த வண்டியில் ஒரு சின்ன டிவியில் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். மூன்று பருவம், 79 அத்தியாயம் விண்கலம் ஓட்டின கேப்டன். படத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற அந்த ஆளை எழுத இரண்டு ரசிகர்களுக்கும் ஆராய்ச்சி தேவைப்பட்டிருக்காது, இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

மொன்றியல்வாசி:

2021 ஒக்டோபரில அந்தாள் 90 வயசில நிசமாவே விண்வெளிக்குப் போயிட்டு வந்தது ஞாபகமோ? கீழ இறங்கின உடனை அழுதுகொண்டே என்னவோ சொல்ல வெளிக்கிட, பக்கத்தில ஆக்கள் ஷாம்பெயின் போத்தலை உடைச்சுக்கொண்டு நிண்டவை. மேல பாத்தது சாவு மாதிரி இருந்தது, துக்கம்தான் வந்தது எண்டு பிறகு எழுதினவர். எனக்கு உடனை இந்தப் படத்து பில் (ஷாட்னர் பாத்திரம்) தான் ஞாபகம் வந்தவர். இந்தாள் தன்ர மனசில இருக்கிறதைச் சொல்லத் தொடங்குவார், சுத்தி நிக்கிறவைக்கு கேப்டன் கிர்க்தான் தேவை.

எழுதின பெடியள் ரெண்டு பேரும் பிறகும் இதை விடேல்லை. ஆல்ட்மன் இன்னொருத்தரோட சேர்ந்து ஸ்டார் ட்ரெக்கின்ர ஐம்பது வருச வாய்மொழி வரலாற்றை 2016 இல ரெண்டு பெரிய புத்தகமாப் போட்டவர். பர்னெட் 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எண்ட பிந்தின தொடரின்ர ப்ளூ-ரே வட்டுகளுக்கு ஆவணப்படங்கள் செய்து குடுத்தவர். லேசர்டிஸ்க்கில காசைக் கொட்டினது வீண் போகேல்லை.

கோவைக்குசும்பன்:

சரிங்ணா, ஞாயித்துக்கிழமை ஊட்டுக்காரம்மாவோட பாக்கலாம்னு இருக்கறேன். அவங்களுக்கு ஸ்டார் ட்ரெக்னா என்னன்னே தெரியாது. கரும்பு அண்ணன் மாதிரி கடிகாரம் பாக்காம இருக்க முன்னாடி என்ன காட்டோணும்?

பழையகேசட்:

1982 ரெண்டாவது படம் மட்டும் போதும், அது தனியாவே நல்லா இருக்கும். அந்த 1986 நாடகம் சின்னதுதான், சாப்பிடும்போது போட்டுடுங்க. லோகன்ஸ் ரன் வேண்டாம், இப்ப உக்காந்து பாக்க முடியாது, கதையை வாயாலயே சொல்லிடுங்க.

தாரகை:

பார்த்துவிட்டு கிளேரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். உங்கள் கருத்து வேண்டாம், அவருடையது.